பிளே ஸ்டோரை எடுத்துவிடலாமா? கடைக்கு வருகிறவர்கள் கேட்பதும் நான் சொல்வதும்

ஒரு தாலுகா ஊரின் பேருந்து நிலையத்துக்கு எதிரே போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றவும் சார்ஜ் ஏறாத போனைக் காட்டவும் வருகிறவர்கள், வேலை முடிந்து காசைக் கொடுத்த பிறகு, சற்றுத் தயங்கி நின்று இன்னொன்றும் கேட்பார்கள்: "இதில இருக்கிற பிளே ஸ்டோரை எடுத்துவிட்டுத் தரமுடியுமா?" கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளை கேமாக ஏற்றுகிறான், அம்மாவின் போனில் விளம்பரமாகக் கொட்டுகிறது, கணவர் கடன் ஆப்பில் மாட்டிக்கொண்டார். கடை வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

பிளே ஸ்டோரை போனிலிருந்து மொத்தமாக அழித்துவிட முடியுமா?

சாதாரண வழியில் முடியாது. முடக்கிவைக்கலாம், அவ்வளவுதான்.

வீட்டில் பீரோவும் இருக்கிறது, சுவரில் பதித்த அலமாரியும் இருக்கிறது. பீரோ வேண்டாமென்றால் தூக்கி வெளியே வைத்துவிடலாம். அலமாரியைக் காலிசெய்து பூட்டத்தான் முடியும், பெயர்த்தெடுக்க வேண்டுமானால் சுவரை இடிக்க வேண்டும். நீங்களாக ஏற்றிய ஆப்கள் பீரோ. பிளே ஸ்டோர், போன் தயாராகும்போதே அதன் சிஸ்டம் பகுதியில் பதித்து வந்தது. அந்தப் பகுதியைப் படிக்கலாம், அதில் எழுதவோ அழிக்கவோ போன் விடாது. ஆகவே முடக்கினாலும் அது பிடித்திருக்கும் இடம் திரும்பக் கிடைக்காது. பின்னால் வந்த அப்டேட்கள் பிடித்த இடம் மட்டும் காலியாகும். "ஸ்டோரேஜ் ஃபுல், அதான் பிளே ஸ்டோரை எடுக்கணும்" என்று வருகிறவர்களிடம், வாட்ஸ்அப்பில் சேர்ந்திருக்கும் வீடியோக்களை முதலில் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பிளே ஸ்டோர் இல்லாமல் ஆண்ட்ராய்டு ஓடவே ஓடாதா என்றால், ஓடும். சீனாவில் விற்கும் போன்களில் அது கிடையாது. 2019 மே மாதம் அமெரிக்கா விதித்த தடைக்குப் பிறகு ஹுவாவே புதிதாக வெளியிட்ட போன்களிலும் கிடையாது, அவர்கள் ஆப்கேலரி என்று தனிக் கடை வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் விற்கும் போன்களும் அவற்றுக்கு எழுதப்படும் ஆப்களும் பிளே ஸ்டோர் இருக்கும் என்று நம்பி அமைந்தவை. சிக்கல் வருவது அங்கேதான்.

சரி, முடக்குவது எப்படி?

பிளே ஸ்டோர் ஐகானை விரலால் அழுத்திப் பிடித்தால் ஒரு சின்னப் பட்டியல் வரும். அதில் ஆப் இன்ஃபோ என்றோ வட்டத்துக்குள் ஐ எழுத்தாகவோ இருப்பதைத் தொடுங்கள். செட்டிங்ஸ், ஆப்ஸ், கூகுள் பிளே ஸ்டோர் என்று போனாலும் அதே பக்கம்தான். அங்கே டிசேபிள் என்று இருக்கும், தமிழில் போனை வைத்திருந்தால் "முடக்கு". அமுக்கினால், மற்ற ஆப்கள் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று போன் எச்சரிக்கும். சம்மதம் கொடுத்தால் ஐகான் மறைந்துவிடும்.

சில போன்களில் அந்தப் பொத்தான் மங்கலாக, தொட்டாலும் அசையாமல் இருக்கும். கம்பெனிக்காரர்கள் அதை அடைத்துவிட்டார்கள் என்று பொருள். அலுவலகம் கொடுத்த போனாக இருந்தால் அலுவலகம் அடைத்திருக்கும்.

முடக்குவதற்கு முன்னால் அடுத்த பதிலையும் தயவுசெய்து படித்துவிடுங்கள்.

முடக்கினால் என்னென்ன நின்றுபோகும்?

என் அப்பாவின் கதையைச் சொல்கிறேன், இந்தக் கேள்விக்கு நான் தெரிந்துகொண்ட பதில் அதுதான்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கண்டதையும் ஏற்றிவிடுவார் என்று பயந்து அவர் போனில் பிளே ஸ்டோரை நானே முடக்கிவைத்தேன். நான்கைந்து மாதம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். ஸ்கேன் செய்து பணம் அனுப்பப் போனால், பணம் அனுப்பும் ஆப் "இந்தப் பதிப்பு பழையது, புதுப்பியுங்கள்" என்று நின்றுவிட்டது. கீழே ஒரே ஒரு பொத்தான், அப்டேட். அதை அமுக்கினால் பிளே ஸ்டோர் திறக்க வேண்டும். அதைத்தான் நான் மூடிவைத்திருந்தேனே. பின்னால் ஆட்கள் நின்றதில் கூச்சப்பட்டு, மாத்திரை அட்டையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வெயிலில் நடந்து வந்துவிட்டார். எனக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. "நீ ஏதோ காரணமாத்தானே வச்சிருப்ப" என்றார்.

பிளே ஸ்டோர் என்பது புது ஆப் வாங்கும் கடை மட்டுமில்லை. ஏற்கெனவே இருக்கும் ஆப்களுக்கு அப்டேட் வருகிற குழாயும் அதுதான். முடக்கினால் இரண்டும் சேர்ந்தே அடைபடும். வாட்ஸ்அப், வங்கி ஆப், பணம் அனுப்பும் ஆப் எல்லாம் ஒரு கட்டத்துக்கு மேல் பழைய பதிப்பை ஏற்காது. வெப்வியூ என்று ஒன்று இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஆப்களுக்குள்ளேயே இணையப் பக்கத்தைத் திறந்து காட்டுவது அதுதான். அதில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கான திருத்தமும் குரோமுக்கான திருத்தமும் பிளே ஸ்டோர் வழியாகவே வருகின்றன. முடக்கி ஒரு வருடம் விட்டால், போன் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ஓட்டை அப்படியே கிடக்கும்.

பிளே புரொடெக்ட் என்ற காவலும் பிளே ஸ்டோரோடு பிணைந்தது. ஏறுகிற ஆப்பைச் சோதித்து, கெட்டதாக இருந்தால் தடுக்கிற வேலை அதனுடையது. காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் சிலவும், நீங்கள் வாங்கியதுதானா என்று பிளே ஸ்டோரைக் கேட்டுத்தான் திறக்கும். சில வங்கி ஆப்கள், போன் நம்பத்தக்கதா என்று பார்க்கவும் அதைத்தான் அணுகுகின்றன.

ஆகவே யார் கேட்டாலும் இப்போது நான் சொல்வது ஒன்றுதான்: புது ஆப் வரும் வாசலை மூடுவோம், அப்டேட் வரும் குழாயை விட்டுவிடுவோம். அதற்கு வழிகள் இருக்கின்றன.

பிளே சர்வீசஸ் என்று இன்னொன்று இருக்கிறதே, அதையும் முடக்கலாமா?

வேண்டாம். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது கடை இல்லை. கூகுள் கணக்கில் நுழைவது, மேப்பில் இடம் காட்டுவது, பல ஆப்களின் அறிவிப்புகள் வந்துசேர்வது எல்லாம் அதைச் சார்ந்தவை. அதை முடக்கிவிட்டு, "வாட்ஸ்அப் மெசேஜ் திறந்து பார்த்தாத்தான் வருது" என்று கொண்டுவந்த போன்களைப் பார்த்திருக்கிறேன்.

"தம்பி, எங்கம்மா எதையாவது அமுக்கி அமுக்கி போன் முழுக்க விளம்பரமா வருது. பிளே ஸ்டோரை எடுத்துட்டா நின்னுடுமா?"

பிளே ஸ்டோரை எடுப்பதால் மட்டும் நிற்காது. ஏற்கெனவே ஏறிவிட்டவைதானே விளம்பரத்தைக் காட்டுகின்றன.

சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா வந்திருந்தார். போனைத் திறந்தால் விளம்பரம், போன் பேசி முடித்தால் விளம்பரம். பார்த்தேன், போனைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆப் மூன்று, டார்ச் இரண்டு, கடன் ஆப் ஒன்று. "இதையெல்லாம் எதுக்கும்மா போட்டீங்க?" என்றால் அவருக்கே தெரியவில்லை. அவர் கையிலேயே போனைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விளம்பரம் வந்தது. அதில் பெரிதாகப் பச்சைப் பொத்தான். பெருவிரலை அதன்மேல் வைத்து வலப்பக்கம் இழுத்தார். போன் வந்தால் எடுக்கிற பச்சை என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் அதைத் தொட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பச்சையை அப்படி அங்கே வைத்தவர்கள்மீதுதான் கோபம் வந்தது.

இப்படிப்பட்ட போனுக்கு நான் செய்வது இது. முதலில் தேவையில்லாதவற்றை நீக்குவேன். பிறகு செட்டிங்ஸில் "மற்ற ஆப்களின் மேல் காட்டு" என்ற அனுமதி எவற்றுக்கு இருக்கிறது என்று பார்த்து, சம்பந்தமில்லாதவற்றுக்கு எடுத்துவிடுவேன். அடுத்து குரோம். "உங்கள் போனில் வைரஸ்" என்று மேலே வந்து விழுவது பெரும்பாலும் ஆப்பே இல்லை. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டபோது அலவ் கொடுத்ததன் விளைவு. குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தத் தளங்களை நீக்கினால் அடங்கும்.

அதற்குப் பிறகு, பிளே ஸ்டோரை முடக்குவதற்குப் பதிலாக, ஆப் லாக் போட்டுவிடுவேன். ஷாவ்மி, ரியல்மி, ஓப்போ, விவோ போன்களில் இது உள்ளேயே வருகிறது. செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் "ஆப் லாக்" என்று அடித்தால் கிடைக்கும். பிளே ஸ்டோரை மட்டும் தேர்ந்தெடுத்து, மகனோ மகளோ அறிந்த ஓர் எண்ணைப் பூட்டாக வையுங்கள். இனி விளம்பரத்தைத் தொட்டால் பிளே ஸ்டோர் திறப்பதற்கு முன் பூட்டு கேட்கும், அம்மா பின்வாங்கிவிடுவார். பின்னணியில் அப்டேட்கள் வைஃபையிலோ டேட்டாவிலோ தானாக ஓடிக்கொண்டே இருக்கும். பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் தானாகப் புதுப்பிப்பது இயங்குகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் அப்பாவின் போன் இப்போது இப்படித்தான் இருக்கிறது.

சாம்சங் வைத்திருப்பவர்கள் முகப்புத் திரை செட்டிங்ஸில் ஐகானை மறைத்துவைக்கலாம். அது பூட்டு இல்லை, கண்மறைவுதான். விளம்பரத்தைத் தொட்டால் திறக்கத்தான் செய்யும்.

"என் பையன் ஏழாவது படிக்கிறான். தினம் ஒரு கேம் ஏத்துறான். அவனுக்குத் தெரியாம மூடிவைக்கணும்."

தெரியாமல் மூடினால் ஒரே நாளில் கண்டுபிடித்துத் திறந்துவிடுவான். முடக்கியதை இயக்க எந்தப் பாஸ்வேர்டும் தேவையில்லை, அதே பக்கத்துக்குப் போய் "இயக்கு" என்று அமுக்கினால் போதும். அவனிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

இதற்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க் இருக்கிறது, காசு கிடையாது. உங்கள் போனில் ஏற்றி, பையனுடைய கணக்கை அதோடு சேர்க்க வேண்டும். அதில் கூகுள் பிளே பகுதியில், எதை இறக்கினாலும் பெற்றோர் அனுமதி வேண்டும் என்று வைத்துவிட்டால், அவன் இன்ஸ்டால் தொட்டதும் உங்கள் போனுக்குக் கேள்வி வரும். நீங்கள் சம்மதித்தால்தான் இறங்கும். ஒன்று நினைவில் வையுங்கள். ஒருமுறை அனுமதித்த ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்ற உங்களைக் கேட்காது. அனுமதித்த ஆப்களின் அப்டேட்டும் கேட்காமலே வரும், அது நமக்கும் வேண்டியதுதான்.

பையன் உங்கள் போனைத்தான் வாங்கி விளையாடுகிறான் என்றால் ஃபேமிலி லிங்க் உதவாது, ஆப் லாக்தான். கூடவே பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். கேமுக்குள் வைரம், தங்கக் காசு என்று வாங்கி அப்பாவின் கணக்கில் பணம் போனபிறகு அழுதுகொண்டே வந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு அது நிஜப் பணம் என்றே தெரிந்திருக்கவில்லை.

பிளே ஸ்டோரை மூடியாகிவிட்டது. அப்புறமும் புது ஆப்கள் வருகின்றனவே, எப்படி?

வாசல் ஒன்று மட்டுமில்லை. போனில் கம்பெனியின் சொந்தக் கடையும் இருக்கும். சாம்சங்கில் கேலக்ஸி ஸ்டோர், ஷாவ்மியில் கெட்ஆப்ஸ், விவோவில் வி ஆப்ஸ்டோர், ஓப்போவிலும் ரியல்மியிலும் ஆப் மார்க்கெட். போன்பே நிறுவனம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய இண்டஸ் ஆப்ஸ்டோரும் இப்போது இருக்கிறது. இவற்றில் சிலவற்றை பிளே ஸ்டோரைப் போலவே முடக்கலாம். கெட்ஆப்ஸுக்குப் பல போன்களில் அந்தப் பொத்தானே வேலை செய்யாது. அப்போது அதன் அறிவிப்பு அனுமதியை எடுத்துவிட்டு, அதையும் ஆப் லாக்குக்குள் போட்டுவிடுங்கள்.

இவற்றைவிட நான் அஞ்சுவது ஏபிகே கோப்புகளைத்தான். கடை எதுவும் இல்லாமல், வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பாக வந்து நேரே ஏறும் ஆப். கல்யாணப் பத்திரிகை என்று வரும், போக்குவரத்து அபராதச் சலான் என்று வரும், பிஎம் கிசான் பணம், வங்கி கேஒய்சி என்று வரும். அனுப்பியது தெரிந்தவர் எண்ணாகவே இருக்கும், அவர் போன் முதலில் மாட்டியிருக்கும். ஏற்றியவுடன் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். அதன் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை.

இப்படிக் கடைக்கு வெளியிலிருந்து ஆப் ஏற்றும் அனுமதி, ஆண்ட்ராய்டு 8 முதல் ஆப் வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. செட்டிங்ஸில் "இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்" என்று தேடுங்கள். வாட்ஸ்அப், குரோம், டெலிகிராம், ஃபைல் மேனேஜர், பிளூடூத் என ஒரு பட்டியல் வரும். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பிளே ஸ்டோரை முடக்குவதா வேண்டாமா என்று யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளலாம், இதை மட்டும் இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் செய்யுங்கள். பிளே ஸ்டோரை முடக்கி இதைத் திறந்து விட்டால், முன்வாசலைப் பூட்டி, காவல்காரரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட மாதிரி.

ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்கள், பணமும் போய்விட்டது என்றால் போனை உடனே ஏரோபிளேன் மோடில் போட்டு, வேறு போனிலிருந்து 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. வங்கிக்கும் சொல்லுங்கள். போனை என்னிடம் கொண்டுவருவது அதற்குப் பிறகு.

"அண்ணா, வீட்டுக்காரர் ரம்மி ஆடி நகையெல்லாம் போச்சு. பிளே ஸ்டோரை எடுத்துட்டா ஆட மாட்டாருல்ல?"

அக்கா, உங்களிடம் பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அது மட்டும் போதாது. பணம் கட்டி ஆடும் ரம்மிக்கு 2022 செப்டம்பருக்கு முன்பு இந்தியாவில் பிளே ஸ்டோரில் இடமே இருக்கவில்லை. அப்போதும் ஆடினார்கள். விளம்பரத்தைப் பார்த்து, அந்தத் தளத்துக்கே போய் ஏபிகேயாக இறக்கினார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. இனி அப்படி ஒன்று போனில் வந்தால், அது வேறு வழியில் நுழைந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மேலே சொன்ன அன்நோன் ஆப்ஸ் அனுமதிகளை அணைப்பது, பிளே ஸ்டோருக்குப் பூட்டு, இரண்டையும் அவர் சம்மதத்தோடு, அவர் முன்னாலேயே செய்ய வேண்டும். அவருக்குத் தெரியாமல் நீங்கள் பூட்டினால் அவர் வேறு போன் வாங்குவார். அவராகவே "பூட்டிக் கொடு" என்று கேட்டு வருகிற நாள்தான் அந்தப் பூட்டு நிற்கும். வங்கியில் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய தொகையைக் குறைத்து வைப்பது, போனில் செய்வதைவிடப் பலன் தரும். டெலிமானஸ், எண் 14416, மனநல ஆலோசனைக்கான அரசு உதவி எண், கட்டணம் இல்லை. நீங்களும் பேசலாம், அவரும் பேசலாம்.

பிளே ஸ்டோரை முடக்கினால் மாதம் பிடிக்கும் சந்தாப் பணம் நின்றுவிடுமா?

நிற்காது. ஆப்பை அழித்தாலும் நிற்காது. பணம் பிடிப்பது உங்கள் கணக்கில் நடக்கிறது, போனில் இல்லை. முடக்குவதற்கு முன் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய் ஒவ்வொன்றாக ரத்து செய்யுங்கள். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலையும் பாருங்கள்.

ஐபோன், ஐபேடில் ஆப் ஸ்டோரை மறைப்பது எப்படி?

இங்கே ஆண்ட்ராய்டைவிட ஒழுங்காக அமைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் ஸ்கிரீன் டைம், அதில் கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்ஷன்ஸ், அதை இயக்கி, ஐடியூன்ஸ் அண்ட் ஆப் ஸ்டோர் பர்ச்சேசஸ். உள்ளே இன்ஸ்டாலிங் ஆப்ஸ் என்பதை டோன்ட் அலவ் ஆக்கினால் ஆப் ஸ்டோர் ஐகானே திரையிலிருந்து போய்விடும். டெலீட்டிங் ஆப்ஸ், இன்ஆப் பர்ச்சேசஸ் இரண்டுக்கும் அங்கேயே தடை போடலாம். ஸ்கிரீன் டைம் வந்தது 2018இல், ஐஓஎஸ் 12 உடன். அதைவிடப் பழைய ஐபேடில் இதே வேலை ஜெனரல் பகுதியில் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் என்ற பெயரில் இருக்கும்.

ஸ்கிரீன் டைமுக்குத் தனியாக ஒரு நான்கு இலக்க எண் வைக்க வேண்டும். போனைத் திறக்கும் எண்ணையே வைத்துவிடாதீர்கள், பிள்ளைக்கு அது மனப்பாடம். வைக்கும்போது, மறந்தால் மீட்பதற்கு உங்கள் ஆப்பிள் கணக்கைக் கேட்கும். தவிர்க்காமல் கொடுங்கள். மாதம் ஒருநாள் தடையை எடுத்து, எல்லா ஆப்பையும் புதுப்பித்துவிட்டு, மறுபடி போட்டுவிடுங்கள்.

ஐரோப்பாவில் ஆப் ஸ்டோரையே அழிக்கலாமாமே, நமக்கு ஏன் இல்லை?

உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் பெரிய நிறுவனங்களின்மீது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன் பலனாக 2024 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 18.2 முதல், அங்குள்ள ஐபோன்காரர்கள் ஆப் ஸ்டோரை மற்ற ஆப்பைப் போலவே நீக்கலாம், வேண்டுமானால் செட்டிங்ஸ் வழியாகத் திரும்பக் கொண்டுவரலாம்.

நமக்கும் அது கைக்கெட்டும் தூரம்வரை வந்தது. ஆண்ட்ராய்டு வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூடவே சில கட்டளைகளும் இட்டது. முன்பே பதித்துத் தரும் கூகுள் ஆப்களைப் பயனர் நீக்குவதைக் கூகுள் தடுக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. கூகுள் மேல்முறையீடு செய்தது. 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது, ஆனால் கட்டளைகளில் நான்கை நீக்கியது. நீக்கப்பட்ட நான்கில் இதுவும் அடக்கம். செய்தித்தாள்களில் அபராதத் தொகைதான் கொட்டை எழுத்தில் வந்தது. சாதாரணமாகப் போன் வைத்திருப்பவருக்கு அந்தக் கோடிகளைவிட இந்த ஒற்றை வரிதான் உதவியிருக்கும். என் காசில் வாங்கிய போனில் எது இருக்கலாம் என்பதை நான் தீர்மானிக்க முடியவேண்டும், இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அழிக்கும் உரிமை வேண்டும் என்பது வேறு, எல்லாரும் அழிக்க வேண்டும் என்பது வேறு.

கம்ப்யூட்டரில் இணைத்து நீக்கலாம் என்கிறார்களே? ரூட் செய்தால்?

கம்ப்யூட்டர் வழி உண்டு. பில்டு நம்பரை ஏழுமுறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, ஏடிபி என்ற கருவியால் கட்டளை கொடுத்து, அந்தப் பயனருக்கு மட்டும் பிளே ஸ்டோர் இல்லை என்று ஆக்கலாம். கட்டளையில் அதன் உட்பெயரைத் தரவேண்டும். அதில் "வெண்டிங்" என்ற சொல் இருக்கும். 2008இல் ஆண்ட்ராய்டு மார்க்கெட் என்று தொடங்கிய காலத்துப் பெயர், 2012 மார்ச்சில் கூகுள் பிளே என்று மாற்றிய பிறகும் உள்ளே அப்படியே இருக்கிறது. இதுவும் சுவரை இடிப்பதில்லை, அலமாரிக்கு முன்னால் திரை போடுவதுதான். போனை ரீசெட் செய்தால் திரும்பி வந்துவிடும். முடக்கு பொத்தான் மங்கலாக இருக்கும் கெட்ஆப்ஸ் போன்றவற்றுக்கு நான் இந்த வழியைத்தான் பயன்படுத்துகிறேன். முடித்ததும் யூஎஸ்பி டீபக்கிங்கை மறக்காமல் அணைக்க வேண்டும்.

ரூட் செய்வது என்றால் போனின் சிஸ்டம் பகுதியிலும் கைவைக்கும் முழு அதிகாரத்தை எடுத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் உண்மையாகவே அழிக்கலாம். ஆனால் அதற்காகப் பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை ஏற்றும் பகுதியை, திறக்கும்போதே போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், வங்கி ஆப்கள் பல ஓட மறுக்கும். தினசரி கையில் வைத்துப் புழங்கும் போனில் செய்யாதீர்கள்.

"பிளே ஸ்டோரை நீக்கித் தரும் ஆப்" என்று கிடைப்பவற்றைத் தொடவே வேண்டாம்.

கடையில் பில் போட வைத்திருக்கும் டேப்லெட்டில் பையன்கள் வேறு ஆப் திறக்காமல் இருக்க?

ஸ்டோரை மூடவே தேவையில்லை, பில் ஆப்பைத் திரையோடு கட்டிவிடலாம். ஆண்ட்ராய்டில் செக்யூரிட்டி பகுதியில் ஆப் பின்னிங், விடுவிக்கும்போது எண் கேட்கும்படி வையுங்கள். ஐபேடில் ஆக்சசிபிலிட்டியில் கைடட் ஆக்சஸ், பொத்தானை மூன்றுமுறை அமுக்கினால் போடும், எடுக்கும். இரவில் கடை மூடும்போது விடுவித்து வைஃபையில் விட்டால் அப்டேட்டும் நடக்கும்.

பிளே ஸ்டோரைக் காணோம்! திரும்ப எப்படிக் கொண்டுவருவது?

யாரோ முடக்கியிருப்பார்கள், அல்லது ஐகான் மறைந்திருக்கும். இணையத்தில் "பிளே ஸ்டோர் டவுன்லோடு" என்று தேடி வருவதை ஏற்றாதீர்கள், பதறிப்போய்த் தேடுகிறவர்களைப் பிடிக்கப் போட்ட வலை அதில் நிறைய. போனுக்குள் அது இருக்கிறது, எங்கும் போகவில்லை. செட்டிங்ஸ், ஆப்ஸ், எல்லா ஆப்களும் என்று திறந்து, பட்டியலில் கூகுள் பிளே ஸ்டோரைத் தேடித் தொடுங்கள். "இயக்கு" அல்லது எனேபிள் என்று இருந்தால் அமுக்குங்கள், ஐகான் வந்துவிடும். அது ஏற்கெனவே இயக்கத்தில் இருந்தால் முகப்புத் திரையில் மறைத்துவைத்திருக்கிறார்கள். ஆப் பட்டியலின் தேடல் கட்டத்தில் பெயரை அடித்துப் பாருங்கள், இல்லையென்றால் மறைத்த ஆப்களின் பட்டியலைத் திறந்து எடுங்கள். ஐபோனாக இருந்தால் மேலே சொன்ன ஸ்கிரீன் டைம் தடையைப் பாருங்கள்.

நெடுநாள் முடங்கிக் கிடந்தது திறந்தால், முதலில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பிறகு தேங்கியிருந்த அப்டேட்கள் எல்லாம் வரிசையாக இறங்கும். போன் கொஞ்சம் சூடாகும், மந்தமாகும். பயப்படாமல் சார்ஜரில் போட்டு, வைஃபையில் விட்டு, ஒரு மணி நேரம் கையில் எடுக்காமல் இருங்கள்.